தண்ணீர் முதலில், கல் அப்புறம், புல் கடைசியில்: சிங்கப்பூர்த் தரைவீட்டுக் கொல்லைப்புறத்தை அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கொல்லைப்புறத்தைத் திருத்த வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் நேராகக் கல் கடைக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் தாம்சன் சாலை நாற்றுப்பண்ணைக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் அவசரமில்லை. முதலில் ஒரு பெருமழை வரட்டும். குடையை எடுத்துக்கொண்டு கொல்லையில் கால் மணி நேரம் நில்லுங்கள்.

ஒரு வரிசை வீட்டின் கொல்லை 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 சதுர மீட்டர். இங்கே ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை கொட்டுவது அதிசயமில்லை. அப்படிக் கொட்டினால் அந்தச் சின்னக் கொல்லையில் மட்டும் 1,500 லிட்டர் தண்ணீர் விழும். கூரையிலிருந்து வழிவது தனிக்கணக்கு. இதுவரை புல்லும் மண்ணும் அதில் கொஞ்சத்தையாவது குடித்துவந்தன. பாதி இடத்தைக் கல்லால் மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் வேறு வழி தேடும். அது உங்கள் சமையலறை வாசலாகவும் இருக்கலாம், அடுத்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம்.

மழையில் நிற்கும்போது மூன்றைக் கவனியுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, மழை விட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் எங்கே சதசதவென்று இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். குத்தகைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட அந்தப் படத்தைக் காட்டுவது மேல்.

அடுத்த நாள் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, மாலையில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, காலையில் பாருங்கள். வடிந்திருந்தால் நல்ல காலம். அப்படியே நின்றால் கீழே களிமண். இங்கே பல பேட்டைகளில் மேலே ஒரு சாண் மண்ணும் அடியில் இறுகிய செம்மண் களியுமாகத்தான் இருக்கும். பார்த்து முடித்ததும் குழியை மூடிவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம் போதும்.

வெயில் எந்த மாதம், எந்தப் பக்கம்

சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஒரே வெயில் என்பது பாதி உண்மைதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு டிகிரிக்குச் சற்று மேல் இருக்கிறோம். ஜூன் நடுப்பகலில் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 22 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் 25 டிகிரி தெற்கே சாய்ந்துவிடும். உங்கள் கொல்லை வீட்டுக்கு வடக்குப் பக்கம், வீட்டின் உயரம் 7 மீட்டர் என்றால், டிசம்பர் நடுப்பகலில்கூட சுவரிலிருந்து 3 மீட்டர் வரை நிழல் விழும். 5 மீட்டர் ஆழமுள்ள கொல்லையில் பாதிக்கு மேல் அது. தெற்குப் பக்கக் கொல்லைக்கு இதே கதை ஜூனில்.

ஜூனில் பளிச்சென்று வெயில் அடிப்பதைப் பார்த்துப் புல் வாங்கிப் பதித்தால், ஆண்டின் கடைசியில் சுவரோரப் புல் மெலிந்து பாசி ஏறுவது இதனால்தான். ஆகவே, வீட்டுச் சுவரை ஒட்டிய பட்டையைக் கல்லுக்கு விட்டுவிட்டு, வெயில் அதிகம் விழும் தள்ளிய பகுதியைப் புல்லுக்கு ஒதுக்குங்கள். நடக்கவும் அதுதான் வசதி.

மண்வெட்டி எடுக்கும் முன்

தரையில் கல் பதிப்பதும் புல் போடுவதும் சின்ன வேலைகள்தான். ஆனால் சில இடங்களில் கை வைக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய தரைவீடுகளில் கழிவுநீர்க் குழாய் கொல்லை வழியாகவே போகும். அதற்கான மேன்ஹோல் மூடி கண்ணில் பட்டால் அதன்மேல் கல்லோ புல்லோ போட்டு மறைக்காதீர்கள். எப்போதும் திறக்க முடிய வேண்டும். மூடியைச் சுற்றிக் கல்லை வெட்டிப் பதிக்கலாம். பொதுச் சாக்கடை எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கட்டணம் கட்டி வாங்கலாம். ஆழமாகத் தோண்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். மின்கம்பி, எரிவாயுக் குழாய் விவரங்களையும் குத்தகைக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மண் கொட்டித் தரையை உயர்த்துவது, தடுப்புச் சுவர் எழுப்புவது, கூரை போடுவது இவையெல்லாம் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டுச் செய்ய வேண்டியவை. பெரிய மரம் இருந்தால் இன்னொன்று. மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் உங்கள் வீடு இருந்து, மரத்தின் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது. சொந்த நிலத்தில் நிற்கும் மரமானாலும் சட்டம் அதேதான்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது? பொங்கலுக்குக் கொல்லையில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்க ஆசைப்பட்டு டிசம்பரில் வேலை தொடங்குபவர்களைப் பார்க்கிறேன். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. தோண்டிய குழி குளமாகிவிடும். பொங்கலுக்கு வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள், தீபாவளிக்கும் ஆயிற்று. கல் வேலைக்கு மட்டும் பிப்ரவரி நல்ல மாதம். ஆனால் அந்த வறட்சியில் புது புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

காகிதத்தில் கணக்கு

நம் 30 சதுர மீட்டரை இப்படிப் பிரிக்கலாம்: வீட்டை ஒட்டிக் கல்தரை 12, பாதை 3, புல் 12, செடிப்பாத்தி 3. புல்லுக்கு ஒரே துண்டாக இடம் விடுங்கள். அங்கே ஒரு முக்கோணம், இங்கே ஒரு பட்டை என்று துண்டு துண்டாக விட்டால் வெட்டுவதே பெரும்பாடு.

கல்தரைக்கு 60 மி.மீ. கனமுள்ள, சிமெண்டு இல்லாமல் மணல்மேல் நெருக்கிப் பதிக்கும் இன்டர்லாக் கல் என்று கொள்வோம். அடியில் 30 மி.மீ. மணல், அதற்கும் அடியில் 100 மி.மீ. இறுக்கிய ஜல்லி. ஆக 190 மி.மீ. ஆழம் தோண்ட வேண்டும். 12 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கன மீட்டர் மண் வரும். தோண்டிய மண் உப்பும், எனவே லாரியில் ஏறும்போது 3 கன மீட்டராகிவிடும். அதை அள்ளிப்போகும் செலவு விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை எழுதாமல் விட்டுவிட்டுக் கடைசியில் கேட்பார்கள். ஜல்லி இறுக்கும்போது அமுங்கும், ஆதலால் 1.2 கன மீட்டர் தேவைக்கு 1.5 வாங்க வேண்டும். 200-க்கு 100 மி.மீ. அளவுள்ள கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். 600 கல்லும், வெட்டுச் சேதத்துக்கு 50-ம் சேர்த்து 650.

இங்கே குத்தகைக்காரர்கள் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. விலையைவிட அந்த விலைக்குள் என்ன அடங்கும் என்பதுதான் முக்கியம்: ஜல்லி எத்தனை மி.மீ., ஓரக்கட்டு உண்டா, வடிகால் குழாய் உண்டா, மண் அப்புறப்படுத்துவது யார். இவற்றை எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் செய்வோம் சார்" என்பது எழுத்தாகாது.

வாட்டம்

முழு வேலையிலும் உயிர்நாடி இதுதான். கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சரிவு சரியாக இருந்தால் மட்டமான கல்கூடப் பல வருடம் நிற்கும். அது தப்பினால் விலையுயர்ந்த கிரானைட்டும் குட்டையில்தான் கிடக்கும்.

விதி எளிது. சரிவு வீட்டிலிருந்து வெளிப்பக்கம் போக வேண்டும். மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. இறங்க வேண்டும். கல்தரையின் மேல்மட்டம் வீட்டுக்குள் இருக்கும் தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக இருந்தால் நல்லது. அவ்வளவு இறக்கம் இல்லாத பழைய வீடுகளில் வாசலை ஒட்டிக் கம்பி மூடி போட்ட ஒரு வாய்க்கால் வைத்துவிடுங்கள்.

அளக்க லேசர் கருவி கொண்டுவருவார்கள். அது இல்லாவிட்டாலும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் உள்ளே தண்ணீர் தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாய் போதும். நம் ஊர்க் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்வதுதான். குழாயில் மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி மாட்டியிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும், ஆகவே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முழு நீளத்தையும் பாருங்கள். வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் குழாயின் ஒரு முனையைச் சுவரோடு வைத்து, தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி ஏற்றி இறக்கட்டும். மறுமுனையில் நிற்பவர் 3 மீட்டர் தள்ளி நட்ட குச்சியில், தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடட்டும். இரண்டு கோடும் இப்போது ஒரே மட்டம். சுவர்க் கோட்டிலிருந்து 50 செ.மீ. கீழே கல் வரும் என்றால், குச்சிக் கோட்டிலிருந்து 56 செ.மீ. கீழே வர வேண்டும். அந்த 6 செ.மீ.தான் வாட்டம். இரண்டுக்கும் நடுவே நூல் கட்டிவிட்டால் யாரும் கண்மட்டத்தில் வேலை செய்யத் தேவையில்லை.

வேலை செய்ய வரும் தம்பிகளில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள். "தம்பி, வாட்டம் எந்தப் பக்கம் வைக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நூலைக் காட்டி விளக்குவார்கள். மேற்பார்வையாளரிடம் அரை மணி நேரம் பேசினாலும் கிடைக்காத தெளிவு அங்கே கிடைக்கும். மதிய வெயிலில் குடிக்கத் தண்ணீரும் உட்கார நிழலும் கொடுக்க மறக்காதீர்கள்.

சரி, தண்ணீர் இறங்கி வந்துவிட்டது, எங்கே போகும்? மழைநீர் லோங்காங்குக்கு, அதாவது வீட்டுக்கு வெளியே ஓடும் மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டும். துணி துவைக்கும் இடத்தில், சமையலறையில் உள்ள கழிவுநீர்த் துளைக்கு அதைத் திருப்பக் கூடாது. அதேபோல, கழிவுநீரை லோங்காங்கில் விடவும் கூடாது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் வீட்டு வடிகாலில் விழுவது பெரும்பாலும் ஒரு நீர்த்தேக்கத்தில்தான் முடிகிறது. சிமெண்டு வாளியைக் கழுவி வடிகாலில் ஊற்றுவதை யாராவது செய்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

குழிச் சோதனையில் தண்ணீர் நின்ற கொல்லை என்றால் புல் பகுதிக்கு அடியில் ஒரு வடிகுழாய் வேண்டும். 30 செ.மீ. அகலப் பள்ளம் தோண்டி, மண்தடுப்புத் துணி விரித்து, துளையிட்ட 100 மி.மீ. குழாயை வைத்து, சுற்றிலும் ஜல்லி போட்டு, துணியை மேலே மடித்து மூடி, லோங்காங் பக்கம் சரிவாகக் கொண்டுபோங்கள். துணி இல்லாமல் போட்டால் களிமண் புகுந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

கல் பதித்தல்

எந்தக் கல்? என் ஓட்டு இன்டர்லாக் கான்கிரீட் கல்லுக்கு. என்றைக்காவது அடியில் குழாய் ஒழுகினால் கல்லை எடுத்துவிட்டுப் பழுது பார்த்து, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். ஹோமோஜீனியஸ் டைல் பார்க்க அழகு. ஆனால் கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்டிய பெரிய டைல், வெயிலிலும் திடீர் மழையிலும் விரிந்து சுருங்கி நாளடைவில் உப்பித் தூக்கும். அதுதான் வேண்டும் என்றால் வெளிப்புறத்துக்கான 20 மி.மீ. கனமுள்ள டைலாக, வழுக்காத ஆர்11 ரகமாக, நடுநடுவே விரிவு இடைவெளி விட்டுப் பதியுங்கள். சிமெண்டில் சின்னக் கூழாங்கற்கள் தெரியும்படி போடும் பெபிள் வாஷ் தரை, பாதைக்கு நன்றாக இருக்கும். மணற்கல் நிழல் கொல்லையில் சீக்கிரம் பச்சை ஏறும், வாரந்தோறும் தேய்க்கத் தயாரென்றால் வாங்குங்கள். பாலிஷ் செய்த எதையும் மழை படும் இடத்தில் போட வேண்டாம், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பேச்சே இல்லை.

தோண்டிய தரையை முதலில் கம்பாக்டரால், அதாவது தரையை அதிர்த்து அமுக்கும் இயந்திரத்தால் இறுக்குங்கள். சேறாக இருந்தால் காயும்வரை காத்திருங்கள். மண்தடுப்புத் துணி விரித்து, ஜல்லியை 50 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். ஒரே அடியில் 100 மி.மீ. கொட்டினால் மேலே கெட்டியாகவும் அடியில் பொலபொலவென்றும் இருக்கும். ஆறு மாதத்தில் கல் குழிவது அங்கிருந்துதான் தொடங்கும். கம்பாக்டர் போக முடியாத மூலைகளில் திமிசுக் கட்டை.

அடுத்து ஓரக்கட்டு. கல்தரையின் வெளி ஓரங்களில் கான்கிரீட்டால் பிடித்து நிறுத்த வேண்டும். இது இல்லாவிட்டால் கற்கள் மெல்ல மெல்லப் புல் பக்கம் நகர்ந்து சந்துகள் அகலும். பிறகு இரண்டு குழாய்களைத் தரையில் வாட்டத்துக்கு ஏற்ப வைத்து, மணல் கொட்டி, நேர்ப்பலகையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். சமன் செய்த மணலை மிதிக்கக் கூடாது. பதித்த கல்லின்மேல் நின்றபடியே முன்னேற வேண்டும். மழை கறுத்தால் உடனே தார்ப்பாய். நனைந்து குழம்பிய மணல்மேல் பதிக்காதீர்கள், அள்ளிவிட்டு மாற்றுங்கள்.

கற்களை ஒரே அடுக்கிலிருந்து எடுக்காமல் இரண்டு மூன்று அடுக்குகளிலிருந்து கலந்து எடுங்கள். நிற வேறுபாடு தெரியாமல் கலந்துவிடும். பதித்து முடித்ததும் காய்ந்த நைஸ் மணலைச் சந்துகளில் பெருக்கித் தள்ளி, ரப்பர் விரிப்பு போட்ட கம்பாக்டரை ஒருமுறை ஓட்டி, மறுபடி மணல் தள்ளுங்கள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றிப் பார்க்கலாம். எங்கும் நிற்காமல் ஓட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, கறையானைப் பற்றியது. வீட்டுச் சுவரோடு மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டாதீர்கள். மரக்கட்டையால் பாத்தி ஓரம் கட்டி அதைச் சுவரில் முட்டவும் விடாதீர்கள். இங்குள்ள நிலத்தடிக் கறையானுக்கு அது போட்டுவைத்த பாலம். சுவருக்கும் பாத்திக்கும் நடுவே 30 செ.மீ. கூழாங்கல் பட்டை விட்டால், கறையான் மண்பாதை கட்டி ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும்.

பாதை

துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க 90 செ.மீ. அகலம் வேண்டும். சும்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போக மிதிகல் வரிசையே போதும். மிதிகல்லுக்குக் கல் மையத்திலிருந்து கல் மையம் 60 செ.மீ. என்பது வழக்கமான அளவு. வீட்டில் சேலை கட்டும் அம்மாவோ அத்தையோ இருந்தால் 50 வையுங்கள். காகிதத்தை நம்பாமல், அவர்களையே ஒருமுறை நடக்கவிட்டு, கால் படும் இடத்தில் குறி போடுங்கள். மிதிகல்லின் மேல்மட்டம் புல் மண்ணின் மட்டத்திலேயே இருக்கட்டும். வெட்டும் இயந்திரம் தட்டாமல் மேலே போய்விடும்.

மண்ணும் புல்லும்

வேலை நடந்த இடத்து மண் மிதிபட்டு இறுகியிருக்கும், சிமெண்டுத் துகளும் கல்லும் கலந்திருக்கும். மேலே புது மண் போட்டு மறைப்பதால் பயனில்லை. 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிட்டு, குப்பைகளைப் பொறுக்கிவிட்டு, பிறகு நல்ல மண். தோட்ட மண் மூன்று பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்ற கலவை களிமண் கொல்லைக்கு ஒத்துவரும். 12 சதுர மீட்டருக்கு 15 செ.மீ. கனம் என்றால் 1.8 கன மீட்டர். கல்தரை ஓரத்தைவிட 3 செ.மீ. தாழ்வாக மண்ணை நிறுத்துங்கள். புல்துண்டின் கனம் அதை நிரப்பிவிடும், தண்ணீரும் கல்லிலிருந்து புல்லுக்குத் தடையில்லாமல் இறங்கும்.

புல் தேர்வில் வெயில்தான் நீதிபதி. நாள் முழுக்க வெயில் விழுந்தால் ஸோய்சியா. அடர்த்தியாகப் பாய்போல் வளரும், அடிக்கடி வெட்ட வேண்டாம், ஆனால் பரவ நாளெடுக்கும். அரை நிழல் என்றால் கவ் கிராஸ். அகல இலை, எதையும் தாங்கும், சீக்கிரம் பிடிக்கும், மழைக்காலத்தில் கிடுகிடுவென வளர்ந்து வேலை வைக்கும். நேரடி வெயில் நான்கு மணி நேரம்கூட இல்லாத இடத்தில் புல்லை வற்புறுத்த வேண்டாம். கூழாங்கல்லைப் பரப்பி, வெற்றிலைக் கொடியும் பண்டானும் வையுங்கள். செயற்கைப் புல்லை யோசிப்பவர்கள் நடுப்பகலில் அதன்மேல் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

புல்துண்டுகள் லாரியிலிருந்து இறங்கும்போது நான்கைந்தைத் திருப்பிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, மண்ணைப் பிடித்தபடி இருக்க வேண்டும். அடுக்கின் நடுவே கை வைத்துச் சூடாக இருந்தால் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கறுப்பு மணிகள்போல் கோரைக்கிழங்கு தெரிந்தால் வாங்காதீர்கள், அது ஒருமுறை நுழைந்தால் கொல்லை அதற்குத்தான். துணியில் ஒட்டும் ஒட்டுப்புல்லையும் தொட்டாற்சிணுங்கியையும் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். வந்த அன்றே பதிக்க வேண்டும்.

நேரான ஓரத்திலிருந்து தொடங்கி, செங்கல் அடுக்குவதுபோல் சந்துகள் நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி நெருக்கமாக வையுங்கள். சந்துகளில் மணல் கலந்த மண்ணைத் தூவி, பலகை போட்டு மிதித்து, வேரும் மண்ணும் ஒட்டும்படி அமுக்குங்கள். பிறகு அடிவரை நனையத் தண்ணீர்.

முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர், மழை பெய்த நாளில் தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வராமல் பிடித்துக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது. மூன்றாவது வாரம் முதல் வெட்டு, கவ் கிராஸ் என்றால் 4 அல்லது 5 செ.மீ. உயரத்துக்கு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். உரம் ஒரு மாதம் கழித்து, கொஞ்சமாக, மழை வரும் அறிகுறி இல்லாத நாளில். இல்லாவிட்டால் உரம் நேராக லோங்காங்குக்குப் போகும்.

செடிப்பாத்தியில் கறிவேப்பிலை கட்டாயம் இருக்கும். அது பக்கக் கன்றுகளைத் தள்ளிக்கொண்டே வரும், கல்தரையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். முருங்கையின் கிளை ஒரு காற்றடித்தாலே முறியும், அதை அடுத்த வீட்டுச் சுவரோரம் வைக்காமல் இருப்பது உறவுக்கு நல்லது. தொட்டிகளின் அடியில் தட்டு வைப்பதாக இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டிக் கவிழ்க்க வேண்டும், வடிகால் கம்பி மூடிக்கு அடியில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் கொசுச் சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பது இந்த இடங்களைத்தான்.

கடைசித் தவணைப் பணத்தை ஒரு பெருமழை முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் சங்கடமில்லை. முதலில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களில் நின்று பாருங்கள். எங்காவது குழிந்து தண்ணீர் நின்றால் சாக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள்; அந்த நாலு கல்லை எடுத்து மணல் சேர்த்துத் திரும்ப வைப்பது அரை மணி நேர வேலை. மூன்று மாதம் கழித்துச் சந்துகளில் மணல் இறங்கியிருக்கும், ஒருமுறை நிரப்பிவிடுங்கள். மிச்சமான கல்லில் இருபதையாவது மாடிப்படிக்கு அடியில் போட்டுவையுங்கள். அடுத்த வருடம் அதே கடையில் அதே பெயர் சொல்லிக் கேட்டாலும் அதே நிறம் கிடைக்காது.